பாட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கம்

சங்கனாசேரி
8 ஜூன் 1992

அன்புள்ள குறுப்பே,

உறையின் பின்பக்கம் என் பெயரைப் பார்த்த பிறகும் நீ இதைப் பிரித்திருக்கிறாய் என்றால் முதல் நன்றி சௌதாமினிக்கு. கிழிக்கப் போன கையிலிருந்து அவள்தான் பிடுங்கியிருப்பாள். தம்பதிகள் இருவரும் நலமா? இங்கே இடவப்பாதி மழை, அதுதான் தென்மேற்குப் பருவம், பிடித்துக்கொண்டது. ஏலியம்மா என்னைத் தனியே விட்டுப் போய் நாலு வருடம் ஆகிறது. நீ ஒரு வரி எழுதுவாய் என்று பார்த்தேன். சரி, விடு.

பதினான்கு வருடம் கழித்து எழுதுவதற்குக் காரணம் பொறிஞ்சு.

போன வாரம் ஒரு கல்யாணத்துக்காகத் திருச்சூர் போயிருந்தேன். கால் என்னைக் கேட்காமலே அவனுடைய மரியா அச்சகம் இருக்கும் சந்துக்குள் திரும்பிவிட்டது. அவன் நாலு மாதமாகப் படுக்கை. ஈரல் கெட்டுவிட்டது. கிறிஸ்துமஸைப் பார்ப்பது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மகள் ஆனிதான் கல்யாண அழைப்பிதழும் ரசீதுப் புத்தகமும் அடித்துக் காலம் தள்ளுகிறாள். ஊரில் அவனுக்கு இப்போது என்ன பெயர் தெரியுமா? கிளைமாக்ஸ் பொறிஞ்சு. நடமாடிக்கொண்டிருந்தவரை டீக்கடையில் அவன் வந்து உட்கார்ந்தால் யாராவது ஒருவன், "டேய், படத்தோட முடிவைச் சொல்லிடாதே, பொறிஞ்சேட்டன் வித்துடுவார்" என்பானாம். எழுபத்தெட்டு ஓணத்தில் தொடங்கிய சிரிப்பு இன்னும் ஓயவில்லை.

உனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. நம்முடைய 'பூட்டிய பத்தாயம்' வெளியான அன்று, பொறிஞ்சு அச்சடித்துத் தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தில், கதைச்சுருக்கம் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. காணாமல் போன வைத்தியர் சாகவே இல்லை, தன் எதிரியைத் தூக்கில் ஏற்றுவதற்காக ஒளிந்திருக்கிறார் என்று கடைசி முடிச்சுவரை அச்சாகி வந்துவிட்டது. படம் ஆறு நாளில் சுருண்டது. பொறிஞ்சுதான் யாரிடமோ காசு வாங்கிக்கொண்டு முடிவை விற்றான் என்று படத்தின் முதலாளி வர்க்கிச்சன் சினிமா வாரப் பத்திரிகையில் பேட்டி கொடுத்தார். அவரும் இப்போது இல்லை, டைரக்டரும் இல்லை. பழி மட்டும் பாக்கி.

பொறிஞ்சு கேட்பது ஒன்றுதான். அவன் அப்பா காலம் தொட்டு மாதா கோயில் திருவிழா நோட்டீஸ் அவர்கள் அச்சகத்தில்தான் அடித்தார்கள். அந்த ஓணத்தோடு அது நின்றுபோனது. வரும் நவம்பர் திருவிழா நோட்டீஸை அவன் கையால் அடித்துவிட்டுப் போக வேண்டுமாம். கதை எழுதிய இரண்டு பேரும் அவன் மேல் குற்றமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால் கொடுக்கிறேன் என்று பங்குத் தந்தை சொல்லிவிட்டார். ஒருவர் கையெழுத்து போதாது, இன்னொருவர் நாளைக்கு மறுத்தால் யார் பதில் சொல்வது என்று கேட்கிறார். அதுவும் நியாயம்தான்.

என் கையைப் பிடித்துக்கொண்டு பொறிஞ்சு சொன்னான்: "சார், நான் விக்கலைன்னு ரெண்டு பேரும் எழுதிக் குடுத்தாப் போதும். எனக்கு யார் குடுத்தாங்கன்னு நீங்க கேக்கவும் வேண்டாம், நான் சொல்லவும் வேண்டாம்."

நோட்டீஸுக்கான ஈய எழுத்தைப் படுக்கையில் சாய்ந்தபடியே இப்போதே கோத்து, சணலால் கட்டி மேசையில் வைத்திருக்கிறான். தேதி மட்டும்தான் பாக்கி.

எழுதுவதில் உன் கைதான் எப்போதும் மேலே. நீ நாலு வரி எழுதி அனுப்பு, நான் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன்.

மாறாத அன்புடன்,
குரியாக்கோஸ்


ஒற்றப்பாலம்
21 ஜூன் 1992

அன்புள்ள குரியச்சா,

கிழிக்கத்தான் போனேன். சௌதாமினிதான் பிடுங்கினாள். நீ எழுதிய காட்சி எதுவும் இதுவரை பிசகியதில்லை.

ஏலியம்மா செய்தி தெரிந்த அன்று உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். மூன்று நாள் சட்டைப் பையில் வைத்திருந்து அடுப்பில் போட்டேன். அவள் கையால் எத்தனை நாள் மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் சாப்பிட்டிருக்கிறேன். அது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் எதையும் ஒத்துக்கொள்ள வைக்கலாம் என்று நினைக்காதே.

பொறிஞ்சு செய்தி கேட்டு மனசு ஆறவில்லை. ஆனால் நீ கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிற ஆளா? நாம் பதினோரு வருடம் சேர்ந்து எழுதினோம். நான் எழுதிய பால்கணக்கைக்கூட நீ இரண்டு தடவை படித்துத்தான் கொடுப்பாய். நான் நாலு வரி எழுத வேண்டும், அதில் எந்த வரி எப்படி வளைகிறது என்று நீ பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும், அப்படித்தானே?

நம் வழக்கம் நினைவிருக்கிறதா? எந்தப் படத்துக்கும் இரண்டு முடிவு எழுதுவோம். மெய்யானதை நான் கையால் எழுதிப் பெட்டியில் பூட்டுவேன். பொய்யானதை நீ எழுதி, டைப் அடித்து, யூனிட்டில் எல்லோருக்கும் கொடுப்பாய். யாராவது வெளியே உளறினாலும் பொய்தான் போகும். பத்தாயத்துக்கு என் முடிவு, வைத்தியர் செத்து, வீட்டு நெல் பத்தாயத்துக்குள்ளேயே கிடக்கிறார் என்பது. உன்னுடையது, அவர் உயிரோடு ஒளிந்திருக்கிறார் என்பது. கடைசி இரண்டு நாள் படப்பிடிப்பில் நான் மஞ்சள்காமாலையோடு இங்கே கிடந்தபோது, நீ டைரக்டரைப் பிடித்து உன் பொய்யை மெய்யாக்கிப் படம் எடுக்க வைத்தாய். எனக்கு ஒரு தந்திகூட இல்லை. தியேட்டரில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

அப்படிப்பட்டவன் நீ. பொறிஞ்சு மேல் முதலாளிக்குச் சந்தேகம் வந்ததே நீ போய்ப் பேசின பிறகுதான் என்றும் கேள்வி. ஆகவே நீயே எழுது. நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன்.

சௌதாமினி விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். உனக்கு இரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது என்று கேட்கிறாள்.

அன்புடன்,
அச்சுதக் குறுப்பு


சங்கனாசேரி
12 ஜூலை 1992

அன்புள்ள குறுப்பே,

அழுத்தம் உன் கடிதம் வந்த அன்று மட்டும் கொஞ்சம் ஏறியது. மற்றபடி நலம்.

சொன்னபடி எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். 'மரியா அச்சகம் பொறிஞ்சு எந்த முடிவையும் எவருக்கும் விற்கவில்லை. பாட்டுப் புத்தகத்தின் கதைச்சுருக்கத்தை முடிவோடு எழுதி அவரிடம் கொடுத்தவர் ............ தன்னிடம் கொடுத்ததைத்தான் அவர் அச்சடித்தார்.' கீழே இரண்டு கையெழுத்துக்கும் இடம் விட்டிருக்கிறேன்.

அந்தக் கோட்டில் ஒரு பெயரை நிரப்பு. உன் பெயரா என் பெயரா என்று நான் சொல்லப்போவதில்லை. நீ நிரப்பியதற்குக் கீழே நான் கையெழுத்துப் போடுகிறேன், இது ஏலியம்மா மேல் சத்தியம்.

ஆனி எழுதியிருந்தாள். அப்பாவுக்குக் கால் வீங்கிவிட்டதாம். தினமும் தபால்காரன் வந்தானா என்று கேட்கிறாராம்.

அன்புடன்,
குரியாக்கோஸ்


ஒற்றப்பாலம்
9 ஆகஸ்ட் 1992

அன்புள்ள குரியச்சா,

கோட்டை நிரப்பிவிட்டேன். திரு. குரியாக்கோஸ் என்று மரியாதையோடுதான் எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பு.

கோபப்படாதே, காரணம் சொல்கிறேன். பாட்டுப் புத்தகத்தில் வந்தது எந்த முடிவு? வைத்தியர் உயிரோடிருக்கிறார் என்கிற முடிவு. அதுதான் படத்தில் வரப்போகிறது என்று வெளியீட்டுக்கு முன்னால் தெரிந்தவர்கள் யார்? நீ, டைரக்டர், நடித்த இரண்டு பேர். மற்ற மூவருக்கும் பேனா பிடிக்கவே தெரியாது. எனக்கோ அப்படி ஒரு மாற்றம் நடந்ததே தெரியாது. தெரியாத முடிவை நான் எப்படி எழுதிக் கொடுக்க முடியும்? நம் படத்தில் வரும் இன்ஸ்பெக்டராக இருந்தால் இந்த இடத்தில் விலங்கை எடுத்திருப்பார்.

சௌதாமினி இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, "ரெண்டு கெழவனும் சேர்ந்து அந்த மனுஷனை வெச்சு ஆடறீங்களே, உங்களுக்கு வெக்கமா இல்லையா" என்று கேட்டாள். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. மதியம் சோற்றை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

சத்தியத்தைக் காப்பாற்றுவாய் என்று நம்பும்,
குறுப்பு


சங்கனாசேரி
30 ஆகஸ்ட் 1992

குறுப்பே,

சத்தியத்தை மீறுகிறேன். ஏலியம்மா என்னை மன்னிப்பாள், உன்னைத்தான் மன்னிக்க மாட்டாள்.

உன் தர்க்கம் அழகானது. அதில் ஒரே ஓட்டை. படத்தில் இதுதான் முடிவு என்று தெரிந்த எவனும் அதைப் பாட்டுப் புத்தகத்தில் அச்சடிக்கக் கொடுக்க மாட்டான். சொந்த வீட்டுக்குத் தீ வைக்கிற காரியம் அது. அதைப் பொய் என்று நம்பியவன்தான் தைரியமாகக் கொடுப்பான். ஜனங்கள் பொய் முடிவைப் படித்துவிட்டு உள்ளே வரட்டும், பத்தாயம் திறந்து பிணம் விழும்போது இரட்டிப்பாக அதிரட்டும் என்று நினைத்தவன். அன்றைக்கு அதைப் பொய் என்று நம்பிக்கொண்டிருந்த எழுத்தாளன் உலகத்தில் ஒருத்தன்தான். அவன் ஒற்றப்பாலத்தில் மஞ்சள்காமாலையோடு படுத்திருந்தான்.

இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினான்கு வருடம் ஆகவில்லை. படம் வெளியான மறுநாள் காலையிலேயே தெரியும். அந்தக் கதைச்சுருக்கம் இடவப்பாதி மழையில் தொடங்குகிறது. மழை இல்லாமல் உனக்கு எந்தக் கதையையும் தொடங்க வராது. நம் படத்தில் ஒரு சொட்டு மழை கிடையாதே.

இப்போது என் பங்கு. இதைப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் சொன்னதில்லை. முதலாளியிடம் பொறிஞ்சுவின் பெயரைச் சொன்னது நான்தான். அவன் நிரபராதி என்று தெரிந்தே சொன்னேன். அவனை நீ எவ்வளவு நேசித்தாய் என்று எனக்குத் தெரியும். அவன் தலையில் பழி விழுந்தால் நீ ஒரு நாள்கூடப் பொறுக்க மாட்டாய், எழுந்து நின்று நான்தான் என்பாய், எல்லோர் முன்னாலும் உன் வாயாலேயே தோற்பாய் என்று கணக்குப் போட்டேன். ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம் என்று நினைத்தேன். நீ எழுந்திருக்கவில்லை. பிறகு எனக்கும் வாயைத் திறக்க வழி இல்லாமல் போய்விட்டது. அவன் முகத்தைப் பார்க்கக்கூடாது என்றுதான் இத்தனை வருடம் திருச்சூரில் இறங்காமலே வண்டியில் போய்க்கொண்டிருந்தேன்.

நீ பெயரை எழுதிய தாளைக் கிழித்துவிட்டேன். வேறு எழுது. திருவிழா நவம்பர் இருபத்தெட்டு. நோட்டீஸ் இருபதாம் தேதிக்குள் அச்சாக வேண்டும்.

குரியன்


ஒற்றப்பாலம்
25 அக்டோபர் 1992

குரியச்சா,

எட்டு வாரம் ஆகிவிட்டது. எட்டு வாரத்தில் பதினெட்டுத் தடவை எழுதி எடுத்து வைத்தேன்.

ஆமாம், நான்தான். கண்ணும் நகமும் மஞ்சளாகப் படுத்துக்கொண்டு, உப்பில்லாத கஞ்சியைக் குடித்துக்கொண்டு, உனக்குத் தெரியாமல் ஒன்று செய்ய வேண்டும் என்று நினைத்து நினைத்து அதைச் செய்தேன். பத்தாயம் திறக்கும்போது ஜனங்கள் கத்துவார்கள், நீ என் பக்கம் திரும்பி, எப்படிடா என்று கேட்பாய். அந்த ஒரு பார்வைக்காகத்தான். மூன்று தாள் எழுதி ஆள் மூலம் பொறிஞ்சுவுக்குக் கொடுத்தனுப்பினேன். யாரிடமும் சொல்லாதே என்றும் எழுதியிருந்தேன்.

திருச்சூரில் பகல் காட்சி பார்த்தேன். இடைவேளைக்குப் பிறகு முன்வரிசையில் ஒருவன் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, "இப்ப பாரு, ஆளு கோயில் குளத்துல குளிச்சிட்டிருப்பான்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது, ஏமாறப் போகிறான் என்று. அடுத்த நிமிடம் திரையில் வைத்தியர் குளத்திலிருந்து தலையைத் தூக்கினார். தியேட்டர் முழுக்கச் சிரித்தது. வைத்தியரைப் பார்த்தல்ல, நம்மைப் பார்த்து. நீ எனக்குச் செய்ததும் நான் உனக்குச் செய்ததும் அந்த ஒரு நொடியில் சேர்ந்து புரிந்தது.

ஏன் எழுந்து நிற்கவில்லை என்று கேட்கிறாய். பொறிஞ்சு பெயரை நீ சொன்னாய் என்று தெரிந்த அன்றே அது தூண்டில் என்றும் புரிந்துவிட்டது. உனக்கு உண்மை தெரியும், என் வாயால் கேட்கக் காத்திருக்கிறாய். எழுந்தால் நீ ஜெயிப்பாய். எத்தனை நாளைக்கு ஒரு அப்பாவியைத் தொங்கவிட்டு வைப்பாய், நீயே போய் இறக்கிவிடுவாய் என்று நானும் காத்திருந்தேன். இதைத் தவிர என்னிடம் வேறு காரணம் இல்லை. இருந்தால் சொல்லியிருப்பேன்.

இனி தபாலில் வேண்டாம். யார் முதலில் போட்டது, யார் பிறகு போட்டது என்று அதிலும் நமக்குள் வரும். நவம்பர் பதினைந்து, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்குத் திருச்சூர் ஸ்டேஷன் வாசலுக்கு வா. கடிகாரத்துக்குக் கீழே நில். சேர்ந்து போவோம். பொறிஞ்சுவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரே மேசையில், ஒரே நேரத்தில் ஆளுக்கொரு பிரதியில் கையெழுத்துப் போடுவோம். என் பெயரையும் உன் பெயரையும் போட்டு, நடந்ததை நடந்தபடியே எழுதிக் கொண்டுவருகிறேன்.

குறுப்பு


சங்கனாசேரி
16 நவம்பர் 1992

குறுப்பே,

நேற்றுப் பத்து மணியிலிருந்து பன்னிரண்டரை வரை கடிகாரத்துக்குக் கீழே நின்றேன். நீ வரவில்லை.

வரச் சொன்னவன் நீ. என்னை அங்கே வரவழைத்து, தனியாகப் பொறிஞ்சு முன்னால் போய் நிற்கவைக்கத்தான் இந்த ஏற்பாடா என்று தோன்றியது. ஒற்றைக் கையெழுத்தோடு அவன் முகத்தில் விழிக்க என்னால் ஆகவில்லை. அடுத்த வண்டியில் திரும்பிவிட்டேன்.

இன்னும் நாலு நாள் இருக்கிறது. கையெழுத்துப் போட்டு அனுப்பு. நீ அனுப்பினால் உடனே நானும் போடுகிறேன்.

குரியாக்கோஸ்


ஒற்றப்பாலம்
2 டிசம்பர் 1992

குரியாக்கோஸுக்கு,

பொறிஞ்சு நவம்பர் பத்தொன்பதாம் தேதி காலையில் இறந்துபோனான். திருவிழா நோட்டீஸை வேறு அச்சகத்தில் அடித்துவிட்டார்கள். உனக்கும் தந்தி வந்திருக்கும். அடக்கத்துக்கு நீயும் போகவில்லை, நானும் போகவில்லை.

பதினைந்தாம் தேதி நான் வந்திருந்தேன். ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் ஒன்பதரை மணிக்கே உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்து கடிகாரம் நன்றாகத் தெரியும். நீ முதலில் வந்து நிற்கிறாயா என்று பார்த்துவிட்டு வரலாம் என்று நினைத்தேன். பன்னிரண்டரை வரை ஐந்து கட்டன் சாயா குடித்தேன். கடிகாரத்துக்குக் கீழே நீ நிற்கவில்லை, குரியாக்கோஸ். ஒரு லாட்டரிச் சீட்டு விற்கிறவன் மட்டும் நின்றான். நீயும் எங்கேயோ ஒரு தூணுக்குப் பின்னாலிருந்து நான் வருகிறேனா என்று பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாய். அங்கிருந்து பொறிஞ்சு வீட்டுக்குப் பத்து நிமிட நடை. அன்றைக்கு அவன் நினைவோடு இருந்தானாம்.

முந்தாநாள் சௌதாமினி என்னைக் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றிவிட்டாள். தான் வரமாட்டேன் என்றாள். ஆனி அச்சகத்தைத் திறந்து உட்கார வைத்தாள். அவன் கட்டிலை மடக்கிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். மேசையில் நோட்டீஸுக்குக் கோத்த எழுத்து சணல் கட்டோடு அப்படியே இருந்தது. நீ சொன்ன மாதிரி தேதி மட்டும்தான் பாக்கி.

ஆனி உள்ளே போய் ஒரு பழைய உறையைக் கொண்டுவந்து கொடுத்தாள். பிரித்துப் பார்த்தேன். என் மூன்று தாள். மழையில் தொடங்குகிற அந்தக் கதைச்சுருக்கம், என் கையெழுத்தில், மை விரல் பட்ட கறையோடு. மேலே சிவப்பு மையில் நான் எழுதியிருந்தேன்: 'பொறிஞ்சு, யார் கேட்டாலும் சொல்லாதே. நான் நேரில் வந்து சொல்லும்வரை. குறுப்பு.'

அச்சானதும் தூக்கிப் போட்டிருப்பான் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். முதலாளியின் ஆட்கள் வந்து அவனை உலுக்கியபோது இந்தத் தாள் அவன் பெட்டியில் இருந்திருக்கிறது. டீக்கடையில் சிரித்தபோதும் இருந்திருக்கிறது. எடுத்துக் காட்டியிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும்.

ஆனி சொன்னாள்: "நான் கேட்டிருக்கேன் சார், ஏன்பா காட்ட மாட்டேங்கறீங்கன்னு. சார் வந்து சொல்றேன்னு எழுதியிருக்கார், வருவார், அவர் வந்து சொல்றதுதான் மரியாதைன்னுவார். கடைசி ஞாயித்துக்கிழமை தலையணையை நிமித்தி வைக்கச் சொல்லி வாசலையே பாத்துட்டு இருந்தார். நீங்க ரெண்டு பேரும் வர்றதா அவருக்கு எப்படியோ தோணியிருக்கு."

தோன்றவில்லை. நான்தான் பதினைந்தாம் தேதி வருகிறோம் என்று ஒரு கார்டு போட்டிருந்தேன். அதையும் அவளிடம் என்னால் சொல்ல முடியவில்லை.

நாம் இருவரும் மனிதர்களைப் படித்துவிட்டோம் என்று பெருமை பேசித் திரிந்தோமே, நம் எதிரிலேயே உட்கார்ந்திருந்த ஒருவனைக் கடைசிவரை படிக்கவில்லை. அவன் நம் ஆட்டத்திலேயே இல்லை. ஒரு வார்த்தை கொடுத்தான், அதை வைத்துக்கொண்டு செத்துப்போனான்.

வாக்குமூலத்தை எழுதிப் பங்குத் தந்தையிடம் கொண்டுபோனேன். படித்துவிட்டு, "இப்ப இதை யார்கிட்டக் குடுக்கறது?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதை இத்துடன் வைத்திருக்கிறேன். என் கையெழுத்து இருக்கிறது. முதலில் போட்டது நான்தான், நீ ஜெயித்துவிட்டாய். கீழே உனக்கு இடம் இருக்கிறது. நீ போடுவாயா மாட்டாயா என்று இந்தத் தடவை நான் யோசித்துப் பார்க்கவில்லை. பதில் எழுதாதே. வந்தால் பிரிக்க மாட்டேன், சௌதாமினியும் இனி பிடுங்க மாட்டாள்.

கிளம்பும்போது ஆனி மேசையைக் காட்டி, "சார், வேற வேலைக்கு எழுத்து பத்தலை. இதைப் பிரிச்சுப் போட்டுடட்டுமா?" என்று கேட்டாள்.

சணலை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அச்சுதக் குறுப்பு